ஒரு பழைய வீடு, இரண்டு குடித்தனம்: மேல்-கீழா, பக்கத்துப் பக்கமா, ஒட்டிக் கட்டுவதா?

பெற்றோருக்கு வயதாகிறது, அவர்களைத் தனியாக விட மனமில்லை. அல்லது தம்பிக்குக் கல்யாணமாகி, ஒரே அடுப்படியில் இரண்டு குடும்பம் இடித்துக்கொள்கிறது. வீடோ பெரியது, பழையது. விற்கவும் யாருக்கும் மனசு வரவில்லை. "இதையே இரண்டாகப் பிரித்துக்கொண்டால் என்ன?" என்று ஒருவர் பேச்செடுக்கிறார். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மாடி ஒருவருக்கு, கீழ்த்தளம் ஒருவருக்கு என்று பிரிப்பதா? நடுவில் குறுக்குச் சுவர் வைப்பதா? வீட்டை அப்படியே விட்டுவிட்டு, ஒட்டினாற்போல் சின்னதாக ஒன்று கட்டிக்கொள்வதா? இல்லை, சுவரே வேண்டாம், இன்னொரு சமையலறை போதுமா?

பெரும்பாலானவர்கள் யாருக்கு எத்தனை அறை என்பதிலிருந்து பேசத் தொடங்குகிறார்கள். நான் வேறு இடத்திலிருந்து தொடங்கச் சொல்வேன்: கழிவறைக் குழாய் எந்த வழியாக இறங்கும், யாருடைய சத்தம் யாருக்குக் கேட்கும், பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது. இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் சுவர் எங்கே வரும் என்பது அநேகமாகத் தானே தெரிந்துவிடும். அறைகளை முதலில் பங்கு போட்டவர்கள் பாதி வேலையில் மாட்டிக்கொள்வதும் இந்த மூன்றில் ஒன்றில்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

எவ்வளவு பிரிய வேண்டும்? மருமகளுக்குத் தனிச் சமையலறை கிடைத்தால் போதும் என்றிருக்கலாம். மாமனாருக்குத் தனி வாசல் வேண்டவே வேண்டாம். ராத்திரி உடம்புக்கு முடியாமல் குரல் கொடுத்தால் யாருக்காவது கேட்க வேண்டும். அண்ணன் தம்பிக்கோ மின்கட்டணம் தனித்தனியாக வந்தால்தான் மனஸ்தாபம் வராது. சமையலறை, குளியலறை, வாசல், மின் மீட்டர், தண்ணீர், வண்டி நிறுத்துமிடம், துணி காயப்போடும் இடம் என்று ஒரு பட்டியல் எழுதி, எது தனியாக வேண்டும், எது பொதுவாக இருக்கலாம் என்று வீட்டில் உள்ள பெரியவர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேளுங்கள். எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டால் "எனக்கு எதுவானாலும் சரி" என்பார்கள்.

கழிவுநீர். தண்ணீர்க் குழாயை எப்படி வேண்டுமானாலும் வளைத்துக் கொண்டுபோகலாம். கழிவறைக் குழாய் சரிவை நம்பித்தான் ஓடுகிறது. 4 அங்குலக் குழாய்க்கு ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 2 செ.மீ. சரிவு வேண்டும். புதுக் கழிவறை, செங்குத்தாக இறங்கும் பழைய குழாயிலிருந்து 5 மீட்டர் தள்ளி வந்தால் சரிவுக்கே 10 செ.மீ. போய்விடும், குழாயின் பருமன் இன்னொரு 11 செ.மீ. ஆக, குளியலறைத் தரையை முக்கால் அடியாவது உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் குழாயைக் கீழ்வீட்டுக் கூரையில் தொங்கவிட வேண்டும். முதலாவதில் வயதானவர்கள் தடுக்கி விழ ஒரு படி முளைக்கும். இரண்டாவதில் ஒவ்வொரு ஃப்ளஷும் கீழே படுத்திருப்பவரின் தலைக்கு மேல் ஓடும். புதுக் குளியலறையும் சமையலறையும் பழையவற்றுக்கு முதுகோடு முதுகாகவோ, நேர் மேலேயோ வரும்படி பார்த்துக்கொண்டால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி இல்லை.

சத்தம். இதில் இரண்டு வகை உண்டு. பேச்சும் டிவியும் காற்று வழியாக வருபவை. நடையும் நாற்காலி இழுப்பதும் கட்டடத்தின் உடம்பு வழியாகவே இறங்குபவை. முதல் வகையைக் கனம் தடுக்கும். இரண்டு பக்கமும் பூசிய 9 அங்குலச் செங்கல் சுவர் சுமார் 50 டெசிபல் குறைக்கும். பக்கத்து வீட்டுச் சாதாரணப் பேச்சு காதில் விழாது. உள்ளே எதுவும் அடைக்காத ஜிப்சம் பலகைத் தடுப்பு 35 டெசிபல் அளவுக்குத்தான் தாங்கும். குரலை உயர்த்திப் பேசினால் கேட்டுவிடும். 10 டெசிபல் வித்தியாசமே காதுக்குச் சத்தம் இரண்டு மடங்கானதுபோல் இருக்கும் என்பதால் இந்த இடைவெளி சின்னதல்ல. இரண்டாம் வகைக்குக் கனம் மட்டும் போதாது. கான்கிரீட் தளம் பேச்சை நிறுத்திவிடும், நாற்காலி இழுக்கும் சத்தத்தை அப்படியே கீழே இறக்கிவிடும். மேல்தரையின் அடியில் ரப்பர் போன்ற மெத்தென்ற படலம் விரித்து, அதன்மேல் தரை போடுவதுதான் சரியான வைத்தியம். கீழிருந்து கூரையில் பலகை அடிப்பது அந்த அளவுக்கு உதவாது.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். எல்லாரும் தூங்கும் நேரத்தில் கீழறையில் விளக்கை அணைத்துவிட்டுப் படுங்கள். மேலே ஒருவர் வெறுங்காலோடு நடக்கட்டும், நாற்காலியைத் தள்ளட்டும், குழாயைத் திறந்து சட்டென்று மூடட்டும், ஃப்ளஷ் செய்யட்டும். குழாயை மூடும்போது சுவருக்குள் 'டொக்' என்று ஓர் அடி விழும். பகலில் அது இருப்பதே தெரியாது. எந்தப் படுக்கைக்கு மேல் எந்த அறை வரக்கூடாது என்பதை இந்தச் சோதனை காட்டிவிடும். வரைபடத்தில் அது தெரியாது.

வயது. இன்று மாடி ஏறுகிறவர் பத்து வருடம் கழித்தும் ஏறுவார் என்று கணக்குப் போடாதீர்கள். சக்கர நாற்காலி நுழைய வாசலில் குறைந்தது 80 செ.மீ. இடைவெளி வேண்டும்; பழைய வீடுகளின் குளியலறைக் கதவுகள் பெரும்பாலும் இதைவிடக் குறுகல். சாய்தளத்துக்கு 12-க்கு 1 என்ற சரிவு பொதுவான அளவு. வீடு தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் இருந்தால் சாய்தளம் மட்டுமே 5.4 மீட்டர் நீளம் கேட்கும்.

தீ. ஒவ்வொரு வீட்டிலிருந்தும், அடுத்த வீட்டுக்குள் நுழையாமல் வெளியேற வழி இருக்க வேண்டும். புகை எச்சரிக்கைக் கருவிகளை இரு வீட்டுக்கும் இணைத்தே வையுங்கள். ஒரு பக்கம் புகை வந்தால் மறுபக்கமும் மணியடிக்க வேண்டும்.

திரும்பச் சேர்க்க முடியுமா? பெற்றோர் காலத்துக்குப் பிறகு அந்தப் பாதியை வாடகைக்கு விடுவீர்களா, மறுபடி ஒரே வீடாக்குவீர்களா, விற்பீர்களா? மூன்றுக்கும் வேறு வேறு சுவர்.

பத்திரமும் அனுமதியும். சுவர் வைத்துவிட்டால் சொத்து இரண்டாகிவிடாது. பத்திரம் ஒன்றாக இருக்கும்வரை சட்டத்தின் கண்ணில் அது ஒரே சொத்து. பல ஊர்களில் இரண்டாவது சமையலறை வந்தாலே அது இன்னொரு குடியிருப்பாகக் கணக்காகி, அனுமதி, வரி, வண்டி நிறுத்துமிடம் எல்லாம் கூடவே வரும். வீட்டின்மேல் கடன் இருந்தால் வங்கிக்கும், காப்பீடு இருந்தால் அந்த நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். சொல்லாமல் மாற்றிய வீட்டுக்கு இழப்பீடு மறுக்கப்படலாம்.

இன்னொன்று, பேசவே எல்லாரும் தயங்குவது: அப்பா பெயரில் இருக்கும் வீட்டில் ஒரு பிள்ளை தன் சேமிப்பைப் போட்டு மாடியைத் தனி வீடாக்குகிறார். மற்றப் பிள்ளைகளும் நாளைக்கு வாரிசுகள்தான். போட்ட பணம் கடனா, அன்பளிப்பா, பங்கில் கழிக்கப்படுமா என்று அப்பா இருக்கும்போதே எல்லாரும் கையெழுத்திட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். இது நம்பிக்கையில்லாமல் செய்வதல்ல. உடன்பிறந்தவர்கள் பேசிக்கொள்ளாமல் போவதைத் தடுக்கிற காரியம். வேலை தொடங்கிய பிறகு எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வரிக்கும் சண்டை வரும்.

## மேல்-கீழாகப் பிரிப்பது

முதலில் மனதில் தோன்றுவது இதுதான், காரணமும் நியாயமானது. இரண்டு வீட்டுக்கும் நடுவே தளம் ஏற்கனவே இருக்கிறது. மேல் குளியலறை கீழ்க் குளியலறைக்கு நேர் மேலே இருந்தால் குழாய் வேலையும் லேசு. புது அஸ்திவாரம் என்று பார்த்தால் வெளிப்படிக்கட்டுக்கு மட்டும்தான்.

அந்தப் படிக்கட்டு சின்ன விஷயமில்லை. தளத்துக்குத் தளம் 3 மீட்டர் என்றால் ஒரு படிக்கு 17 செ.மீ. உயரம் வைத்து 18 படி வரும். நேராகப் போட்டால் ஏறக்குறைய நாலரை மீட்டர் நீளம் ஓடும். நடுவில் திருப்பினாலும் இரண்டுக்கு மூன்று மீட்டர் இடத்தையும், கீழ்வீட்டு ஜன்னல் ஒன்றின் வெளிச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். மழையில் நனையாமலிருக்கக் கூரையும் வேண்டும்.

அடுத்து, பாரம். வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுக்கு ஆட்களையும் சாமான்களையும் தாங்கும்படி கணக்கிடப்படுகின்றன. மாடியில் புதிதாக 9 அங்குலச் செங்கல் சுவர் வைத்தால், 3 மீட்டர் உயரத்துக்கு, ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 1,300 கிலோ ஏறும். அடியில் பீமோ சுவரோ இல்லாத இடத்தில் இதை வைக்கவே கூடாது. 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் ஒரு டன். "பழைய கட்டடம், எதையும் தாங்கும்" என்று சொல்பவரிடம் அந்தத் தளத்துக்குள் எத்தனை கம்பி, எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லக்கூடியவர் சோதித்துப் பார்த்த கட்டுமான இன்ஜினியர் மட்டுமே.

ஆனால் இந்த வழியில் உறவைக் கெடுப்பது பாரமல்ல, கசிவு. மேல்வீட்டுக் குளியலறை கசிந்தால் கறை கீழ்வீட்டுக் கூரையில் தெரியும். ரிப்பேர் செய்யவோ மேல்வீட்டுத் தரையை உடைக்க வேண்டும். அவஸ்தை ஒருவருக்கு, செலவும் இடிபாடும் இன்னொருவருக்கு. வீட்டைப் பிரிக்கும் சமயத்திலேயே மேல் குளியலறைத் தரையை முழுதாக எடுத்து, நீர்த்தடுப்புப் பூசி, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் 24 மணி நேரம் தண்ணீர் தேக்கி வைத்துக் கீழே பாருங்கள். "இப்போது கசியவில்லையே, அப்புறம் பார்க்கலாம்" என்று இதை ஒத்திப்போடாதீர்கள்.

தொட்டி மொட்டைமாடியில் இருந்தால் தண்ணீர் வேகத்தையும் பாருங்கள். ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். கீழ்வீட்டு ஷவரில் நன்றாக வரும் தண்ணீர் மேல்வீட்டில் சொட்டும். தொட்டியை உயர்த்துவதோ சின்ன பம்ப் வைப்பதோ இப்போதே செலவுக் கணக்கில் வரட்டும். மொட்டைமாடி யாருக்கு, கூரை ஒழுகினால் யார் செலவு, தோட்டம் யாருக்கு என்பதும் எழுதப்பட வேண்டியவை.

பெரியவர்கள் கீழேயும் இளம் குடும்பம் மேலேயும் இருக்கப்போகிறார்கள், தளம் கான்கிரீட், குளியலறைகள் ஒன்றன்மேல் ஒன்று என்றால் இந்த வழியே மேல். மரத்தளம் போட்ட மாடி என்றால் யோசியுங்கள்: பேச்சும் கேட்கும், நடையும் கேட்கும், தீயும் சீக்கிரம் பரவும். அதைச் சரிசெய்யும் செலவில் அடுத்த வழிக்கே போய்விடலாம்.

## குறுக்குச் சுவர் வைத்துப் பக்கத்துப் பக்கமாக

இருவருக்கும் தரை உண்டு, வாசல் உண்டு, மேலே யாரும் நடக்கப்போவதில்லை. நல்ல சுவர் வைத்தால் சத்தத் தொல்லையும் மிகக் குறைவு. பின்னாளில் பாகப்பிரிவினை செய்ய வேண்டியிருந்தாலும் இதுதான் சுலபம். உடன்பிறந்தவர்களுக்குள் சம பங்கு முக்கியம் என்றால் நான் முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

விலை என்னவென்றால், எல்லாமே இரண்டாக வேண்டும். மாடி இருக்கும் வீட்டில் இரண்டாவது படிக்கட்டு உள்ளேயே வரும். அது இரண்டு தளத்திலும் ஓர் அறையளவு இடத்தைத் தின்னும். 10 மீட்டர் நீளச் சுவரே 2.3 சதுர மீட்டர் தரையை எடுத்துக்கொள்ளும். கனமான சுவருக்கு அடியில் அஸ்திவாரம் வேண்டும். நடுவில் இருக்கும் அறைகள் ஒரு பக்கத்து ஜன்னலை இழந்து இருட்டாகும்.

வேலை நடக்கும்போது கண்ணில் படாமல் போகும் இடம் மேலே இருக்கிறது. சாய்ந்த கூரை போட்ட பழைய வீடுகளில் கொத்தனார் சுவரை உள்கூரை வரை கட்டி நிறுத்திவிடுவார். கீழிருந்து பார்த்தால் வீடு இரண்டாகிவிட்டது. மேலே, கூரைக்கடியில், ஒரே வெற்றிடம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திறந்து கிடக்கும். அந்தப் பக்கம் இருமுவது இந்தப் பக்கம் கேட்கும். ஒரு பக்கம் தீப்பிடித்தால் புகை சுவரைத் தாண்டிக் குதித்துவிடும். சுவர் கூரையின் அடிப்பாகத்தைத் தொட்டு, இடுக்கு முழுதும் அடைபட வேண்டும். ஏணி போட்டு ஏறி, டார்ச் அடித்து நீங்களே பார்த்துவிட்டுக் கடைசித் தவணையைக் கொடுங்கள். சுவரின் இரு பக்கமும் ஒரே இடத்தில் மின் பெட்டி பதிக்கவும் விடாதீர்கள். அந்த இடத்தில் சுவரே இல்லாததுபோல் சத்தம் வரும்.

சுவர் கட்டும்போதே ஓரிடத்தில் கதவு அகலத்துக்கு லிண்டல் (கதவுக்கு மேலிருக்கும் சுவரைத் தாங்கும் பட்டை) போட்டு, அடியில் செங்கல் அடைத்துவிடச் சொல்லுங்கள். பிற்காலத்தில் வீட்டை ஒன்றாக்க நினைத்தால் அந்தச் செங்கலை மட்டும் எடுத்தால் போதும். இன்றைக்கு அது சின்னச் செலவு. இருபது வருடம் கழித்து, முட்டுக்கொடுத்துச் சுவரை உடைப்பது பெரிய வேலை.

## ஒட்டினாற்போல் சின்ன வீடு

காலி இடம் இருப்பவர்களுக்கு மட்டும். பழைய வீட்டில் யாரும் பெட்டி கட்ட வேண்டியதில்லை, வேலை நடக்கும்போது குடியிருக்கலாம். புதிதாகக் கட்டுவதால் படியில்லாத வாசல், அகலக் கதவு, கைப்பிடி வைத்த குளியலறை எல்லாம் முதலிலிருந்தே சரியாக அமையும். வயதான பெற்றோருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு குறைவு.

பழைய அஸ்திவாரம் அமர்ந்து முடிந்தது. புதியது இனிமேல்தான் அமரும். இரண்டையும் இறுகப் பிணைத்தால் சேருமிடத்தில் விரிசல் விடும். நடுவே அசைவு இடைவெளி விட்டு, மழைநீர் புகாதபடி அதை மூட வேண்டும். செப்டிக் டேங்க் இருந்தால் இன்னும் சில பேரை அது தாங்குமா என்று பார்க்க வேண்டும். பழைய வீட்டின் எந்த ஜன்னல் அடைபடும் என்பதையும் பாருங்கள். மனையில் எத்தனை பங்கு கட்டலாம் என்ற விதி இந்த வழியையே மூடிவிடக்கூடும் என்பதால், இதில் மட்டும் முதல் வேலை அனுமதி விசாரிப்பது.

## சுவரில்லாமல்: இன்னொரு சமையலறை, ஒரு நடுக்கதவு

செலவு குறைவு, சீக்கிரம் முடியும், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். பராமரிப்பு தேவைப்படும் பெற்றோர் என்றால், இரு பக்கமும் பூட்டக்கூடிய கனமான நடுக்கதவு ஒன்று பல வீடுகளுக்குப் போதும். மின்சாரத்துக்கு உள்ளேயே ஒரு துணை மீட்டர் வைத்துப் பங்கு பிரித்துக்கொள்ளலாம்.

ஏற்கனவே சண்டை இருக்கிற குடும்பத்துக்கு இது உதவாது. அங்கே நடுக்கதவே அடுத்த சண்டைக்குக் காரணமாகும். மற்றவர்களுக்கு, பெரிய முடிவுக்கு முன்னால் ஒரு வருடம் இப்படி இருந்து பார்ப்பதை நான் மனதாரச் சொல்வேன்.

## பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தால்

| | மேல்-கீழ் | குறுக்குச் சுவர் | ஒட்டிய சின்ன வீடு | நடுக்கதவு மட்டும் |
|---|---|---|---|---|
| செலவு | நடுத்தரம் | அதிகம் | மிக அதிகம் | குறைவு |
| குழாய் வேலை | நேர் மேலே இருந்தால் லேசு | இரண்டு வரிசை வேண்டும் | புது வரிசை, டேங்க் கொள்ளளவு | பழைய சமையலறையை ஒட்டினால் லேசு |
| சத்தம் | கீழ்வீட்டுக்குக் கஷ்டம் | மிக நன்று | மிக நன்று | கேட்கும் |
| முதியவர்களுக்கு | கீழே மட்டும் | ஒற்றைத்தளமானால் நன்று | மிக நன்று | நன்று |
| திரும்பச் சேர்க்க | உள்படியை விட்டுவைத்தால் முடியும் | லிண்டல் வைத்திருந்தால் சுலபம் | தேவைப்படாது, வாடகைக்கு விடலாம் | மிகச் சுலபம் |
| மறைந்திருக்கும் செலவு | வெளிப்படி, நீர்த்தடுப்பு, பம்ப் | இரண்டாம் படிக்கட்டு, கூரைக்கடிச் சுவர் | அஸ்திவாரம், சேருமிடத்து ஒழுகல் | அளவிட முடியாதது: அந்தரங்கம் குறைவது |

மேல்-கீழ் வழியில் உள்படிக்கட்டை இடிக்காமல், மேலே திறப்பைக் கழற்றக்கூடிய தளத்தால் மூடிவிடலாம். கீழே அது சாமான் அறையாகும். மூடும் தளம் தீயையும் சத்தத்தையும் தடுக்கும் கனத்தில் இருக்கட்டும். வெறும் பிளைவுட் போதாது.

## எந்த வழியானாலும் பழைய வீடு கேட்கும் செலவு

வயரிங்கை முதலில் திறந்து பாருங்கள். எர்த் வயரே இல்லாத பழைய சுற்றுகளில் இரண்டு சமையலறைச் சுமையை ஏற்றக்கூடாது. இரு வீட்டுக்கும் தனி மெயின் போர்டு, 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச், இரண்டையும் குறைக்க வேண்டாம். பொதுப் படிக்கட்டு விளக்கும் மோட்டாரும் யார் மீட்டரில் ஓடும் என்று அப்போதே தீர்மானியுங்கள்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டையோ, ஈயம் கலந்த பழைய பெயின்டையோ உடைக்க, தேய்க்கத் தொடங்கினால் தூசி நுரையீரலுக்கும் குழந்தைகளுக்கும் ஆபத்து. சந்தேகம் இருந்தால் பரிசோதித்த பிறகே கை வையுங்கள். சுவரடியில் ஓதம் ஏறியிருந்தால் அதைச் சரிசெய்யாமல் புதுப் பூச்சுப் பூச வேண்டாம். எஸ்டிமேட்டுக்கு மேல் 15 முதல் 20 சதவீதமாவது தனியே எடுத்துவையுங்கள். பழைய சுவரை உடைக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஆட்களைக் கூப்பிடும் வரிசையும் முக்கியம். முதலில் கட்டுமான இன்ஜினியர், எந்தச் சுவர் சுமை தாங்குகிறது, தளம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க. அடுத்து பிளம்பர், கழிவுநீர்ப் பாதையைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக் காட்ட. பிறகு வரைபடம், அனுமதி, வீட்டாரின் கையெழுத்து. சமையலறை அலமாரிக்கு அளவெடுப்பவர் இவர்களுக்கெல்லாம் பிறகு வரட்டும்.